இருநூற்று நாற்பது கிராம்

நான் எழுதி அனுப்பிய கணினி நிரலைப் பற்றி மொத்தம் நாற்பத்தொரு கேள்வி வந்திருந்தது. நாற்பதுக்குப் பதில் எழுதி முடித்துவிட்டேன். கடைசிக் கேள்வி ஒரே வரி. "இந்த 240 எங்கிருந்து வந்தது?"

கேட்டவர் லிம்பிகானி. மலாவி நாட்டில், சோம்பா ஊர்க்காரர். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ம்சீசி மென்பொருளுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்த்துச் சொல்லும் ஐந்தாறு பேரில் அவரும் ஒருவர்.

ம்சீசிக்கு முதலாளி கிடையாது. குழந்தைகளைப் பார்க்கும் சின்ன மருத்துவமனைகளில் பதிவு வைப்பதற்காகப் பதினொரு நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. மூல நிரல் திறந்தே கிடக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் கம்பெனி கென்யாவில், ககமேகா ஊரில், ஆணியும் சிமெண்டும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர். ம்சீசியை எடுத்துத்தான் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பதினான்கு மருத்துவமனைகளுக்கு வேலை செய்து கொடுத்தோம். நான்கு வருடமாக எடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு வரி திருப்பிக் கொடுத்ததில்லை.

நாங்கள் சொந்தமாகக் கட்டியது தராசு நிரல். தொங்கு தராசில் உட்கார்த்திய குழந்தை சும்மா இருக்காது. உதைக்கும், வீறிடும், எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற எண்களுக்குள்ளிருந்து உண்மையான எடையைப் பிடித்து, நேராகப் பதிவில் ஏற்றி, வயதுக்கு உரிய எடை இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று நர்சுக்குக் காட்ட வேண்டும். சிவப்பு வந்தால் எடை ஏற்றும் நிலக்கடலைப் பசைப் பொட்டலமும் வாராவாரம் வரச் சொல்லும் சீட்டும் கிடைக்கும். இரண்டு வருட வேலை. எழுதியது நான்.

அதை ம்சீசிக்கே கொடுத்துவிடலாம் என்று முதலாளி லிஹாண்டாவிடம் முதல் வருடமே சொன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ம்சீசியின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எங்கள் தராசு நிரல் உடையும். மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டுப் போடுவோம். ஐந்தாவது தடவை உடைந்தபோதுதான் மனிதர் இறங்கி வந்தார். கொடுத்துத் தொலை, இனிமேல் அவர்களே சுமக்கட்டும் என்றார்.

ஆனால் ம்சீசியில் ஒரு விதி உண்டு. கம்பெனி கட்டிய நிரலாகவே இருந்தாலும், எழுதிய ஆள் தன் பேரில் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி, உரிமையை விட்டுத்தருகிறோம் என்று தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். அதைப் படித்ததும் லிஹாண்டாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சம்பளம் என்னுது, கரண்டு என்னுது, நாற்காலி என்னுது. பேரு மட்டும் உனக்கா?"

"நாற்காலி உங்களுதுதான் பாஸ். உக்காந்து எழுதினது நான்."

கூட வேலை செய்யும் ஷிதாண்டா, சிரிப்பை மறைக்க மேசைக்கு அடியில் ஏதோ தேடினான்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், நான் கரும்பு வெட்டுகிறவர்கள் வீட்டுப் பெண். தோகை எரிக்கத் தீ வைத்த தோட்டத்தில் வெட்டிவிட்டு அப்பாவும் அம்மாவும் சாயங்காலம் வரும்போது கண்ணும் பல்லும்தான் வெள்ளையாகத் தெரியும். பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் கட்டுச் சுமந்திருக்கிறேன். சர்க்கரைப் பொட்டலத்தில் ஆலையின் பேர் இருக்கும். வெட்டியவள் பேர் இருக்காது. இருக்க வேண்டும் என்று என் அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கேட்டேன். என் பேரோடுதான் அனுப்பினோம். எழுதியவர், நமால்வா. அந்த வரியை நான் அன்று எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆகவே லிம்பிகானி 240 பற்றிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். நன்றாக யோசித்து வைத்த எண் அது. விளக்கமாகப் பதில் எழுதினேன். எங்கள் பக்கம் பிள்ளையை முதுகில் லெசோத் துணியால் கட்டிக்கொண்டு வருவார்கள். இருபது பேர் உட்கார்ந்து பார்க்கிற வராந்தாவில், நோஞ்சான் பிள்ளையை எந்தத் தாயும் துணி அவிழ்த்துக் காட்டமாட்டாள். கண் பட்டுவிடும், போதாததற்குப் பேச்சும் வரும். துணியோடேயே தராசில் வைப்பார்கள். அதனால் நர்சு "லெசோ" என்ற பொத்தானை அழுத்தினால் நிரல் 240 கிராமைக் கழித்துவிடும். என் அம்மாவின் லெசோ, என்னுடையது, பக்கத்து வீட்டுக்காரியுடையது மூன்றையும் நிறுத்து, சராசரி எடுத்தேன்.

அரை மணியில் பதில் வந்தது. "எங்கள் பெண்களும் இப்படித்தான் கட்டுகிறார்கள். நல்ல யோசனை. மழையில் நனைந்து வந்தால்?"

அதைப் படித்துவிட்டு என் மேசை இழுப்பறையில் இருந்த லெசோவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கடைக்காரரிடம் கேட்டு, ஆணி நிறுக்கும் தராசில் வைத்தேன். 240. குழாயில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, திரும்ப வைத்தேன். 530.

கூடவே இறங்கி வந்திருந்த ஷிதாண்டா, கடைக்காரரிடம் என்னைக் காட்டி, "பாருங்க, கம்ப்யூட்டர் படிச்சவங்க துணி துவைக்கக்கூட இப்ப தராசு கேக்குறாங்க" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

இருநூற்றுத் தொண்ணூறு கிராம் வித்தியாசம். ஏழு மாதப் பெண் குழந்தைக்குக் கோடு ஆறு கிலோவில் இருக்கிறது. ஐந்தே முக்கால் கிலோ பிள்ளை நனைந்த லெசோவில் வந்தால் நிரல் ஆறுக்கு மேல் காட்டும். பச்சை. பொட்டலம் கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்த மாதம் வா. ககமேகாவில் மதியம் இரண்டு மணிக்கு மழை வரும். மார்ச்சிலிருந்து நவம்பர் வரைக்கும் அநேகமாக எல்லா நாளும் வரும். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் காரில் வருவதில்லை.

எனக்கு எது சுட்டது என்றால், இது எனக்குத் தெரிந்த விஷயம். மழைக்கு மறுநாள் வெட்டிய கரும்புக்கட்டு என்ன கனம் கனக்கும் என்று என் தோளுக்குத் தெரியும். வராந்தா, கண் படுவது, துணி எல்லாவற்றையும் யோசித்தவள், மூன்று லெசோவையும் வெயில் காய்ந்த கொடியிலிருந்து எடுத்து நிறுத்தேன்.

லிஹாண்டாவின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவைச் சாத்தினார். நம்முடைய பதினான்கு இடத்திலும் இந்த வாரமே திருத்திவிடு, ம்சீசிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள், கம்பெனி முடிவு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். கவுண்டிக்காரர்கள் வேலையை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆறு வீட்டு அடுப்பு இதை நம்பி எரிகிறது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

"தப்பைத் திருத்து, நான் வேணாங்கல. அதை ஊர் கூட்டி ஏன் சொல்லணும்? அதுவும் உன் பேரைப் போட்டு?"

"ம்பாலேல எடுத்துட்டாங்க பாஸ்."

"என்னத்த?"

"நம்ம நிரலை. உகாண்டா பக்கம் ஒரு தொண்டு நிறுவனம். உள்ள சேர்க்கற வரைக்கும் காத்திருக்கல. ஏழு மருத்துவமனைல ஓடிட்டிருக்கு. நல்லா இருக்குன்னு அங்கேயே கீழ எழுதி நன்றி வேற சொல்லியிருக்காங்க. நாம சத்தமில்லாம எடுத்துட்டா, அவங்க கிட்ட 240 அப்படியே கிடக்கும். அங்கயும் மழை பெய்யுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அனுமதி இல்லாமல் எழுதினால் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் இருந்தால், எழுதியவர் நமால்வா என்கிற வரி அந்த 240க்கு மேலேயே நிற்கும். பேர் கேட்டு வாங்கியவள் நான். கழற்றிப் போட முடியாது.

முடிவாக அவர் கேட்டது, ஈரத்துணி விஷயம் தராசில் நிஜமாகவே அப்படி நடக்கிறதா, இல்லை குழாயடிக் கணக்கா என்று. வாங்க, போய்ப் பார்க்கலாம் என்றேன்.

நவகோலோ போகும் பாதையில் இருக்கிறது, எங்கள் பதினான்கு மருத்துவமனைகளில் ஒன்று. நாங்கள் போய் இறங்கியபோது மழை ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. லிஹாண்டாவின் பளபளப்பான சப்பாத்து இரண்டாவது அடியிலேயே சேற்றுக்குள் போனது. வராந்தாவில் நீளமாக வரிசை. தராசுக்குப் பக்கத்தில் சிஸ்டர் கசாண்டி. ஐம்பது வயது, கட்டையான உடம்பு, இருபது வருடமாக அதே இடம். நாங்கள் யார் என்று சொன்னதற்கு, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

சுவரில் ஒரு ஆணி. அதில் பழைய லெசோ ஒன்று காய்ந்து தொங்கியது. அடுத்த தாய் வந்ததும் சிஸ்டர் அந்தத் துணியை எடுத்து, பிள்ளையை ஈரத்துணியிலிருந்து தன் துணிக்கு மாற்றினார். தன் முதுகை வரிசைக்குக் காட்டி, யார் கண்ணிலும் படாமல், மூச்சு விடும் நேரத்தில் மாற்றிவிட்டார். பிறகுதான் தராசில் வைத்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய இரண்டு வருடமும் அந்த ஆணியில் தொங்கியது.

ஏன் மாற்றுகிறீர்கள் என்று லிஹாண்டா கேட்டார்.

"ஈரத்துணியோட வச்சா புள்ள எடையா வரும்? ஆத்தங்கரை எடை வரும்" என்றார் சிஸ்டர். "முதல் மாசமே உங்க ஆள்கிட்ட சொன்னேன். பெரிய கண்ணாடி போட்டவன். தலையை ஆட்டி ஆட்டி நோட்டுல எழுதிக்கிட்டான்."

பெரிய கண்ணாடி ஷிதாண்டா. அந்த நோட்டைப் பிறகு நானே வாங்கிப் பார்த்தேன். "நவகோலோ. துணி ஈரம். நமால்வாவிடம் சொல்ல வேண்டும்" என்று இருந்தது. அவன் சொல்லவில்லை. நானும் ஒரு நாளாவது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்ததில்லை.

மற்ற மருத்துவமனைகளிலும் இப்படி மாற்றுகிறார்களா என்று கேட்டதற்கு, அதை அங்கே போய்க் கேளுங்கள் என்றார். இங்கே ஒரு தடவை மாற்றாமல் வைத்துக் காட்ட முடியுமா என்று லிஹாண்டா கேட்டார். சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்து நின்ற பெண்ணிடம் அனுமதி கேட்டார். நெரிமா என்று பேர், இருபது வயதுகூட இருக்காது. மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள், காலில் மண். பெண் குழந்தை, ஏழு மாதம்.

ஈர லெசோவோடு வைத்து, பொத்தானை அழுத்தினார். 6.08. பச்சை.

காய்ந்த துணிக்கு மாற்றி வைத்தார். 5.79. சிவப்பு.

அந்தச் சிவப்பைப் பார்த்து நெரிமா பயந்துபோய், என்ன, என்ன என்று கேட்டாள். சிஸ்டர் பொட்டலங்களை எடுத்து அவள் கையில் வைத்து, பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்லத் தொடங்கினார். லிஹாண்டா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிச் சின்னம் அதன் மூலையில் இருந்தது. பெரிதாகப் போட வேண்டும் என்று அவரே சொல்லி நான் போட்டது.

காரில் ஏறியும் லிஹாண்டா வண்டியை எடுக்கவில்லை. சேறு அப்பிய சப்பாத்தைக் கழற்றிப் பின்னால் போட்டார்.

"எழுது" என்றார். "எல்லாத்தையும் எழுது. என் பேரையும் போடு."

"கம்பெனி பேரா?"

"கம்பெனி மழையில நனையாது, நமால்வா. பதினாலு எடத்துக்கும் திறப்பு விழாவுக்குப் போனேன், போட்டோ எடுத்துக்கிட்டேன். ஒரு நாள் மத்தியானம் போய் நிக்கல. என் பேரைப் போடு."

அன்றைக்கே ம்சீசி பக்கத்தில் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. "240 தவறு. காய்ந்த துணியை மட்டும் நிறுத்தேன். நனைந்த துணியில் வரும் குழந்தைக்கு இந்த நிரல் ஏறத்தாழ 290 கிராம் கூட்டிக் காட்டும். எடை குறைந்த குழந்தை கணக்கில் விட்டுப்போகும். எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இப்போதே லெசோ பொத்தானை நிறுத்துங்கள். தவறு செய்தது நமால்வா. போய்ப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது லிஹாண்டா." ம்பாலேக்குத் தனியாகவும் எழுதினேன், போனிலும் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண், மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றாள்.

அப்புறம் ஒன்பது நாள் வேலை. 240ஐ எடுத்தேன். அதன் இடத்தில் வேறு எண் எதையும் வைக்கவில்லை. சிஸ்டர் கசாண்டி செய்வதை அப்படியே நிரலாக்கி, ஆணியில் தொங்கும் துணியையும் அவர் பேரையும் விளக்கக் குறிப்பில் எழுதினேன். மருத்துவமனையில் காய்ந்த துணி ஒன்று இருக்க வேண்டும். தராசு முதலில் துணியைக் கேட்கும். வெறும் துணியை வைத்தால் அதன் எடையைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகுதான் பிள்ளையைக் கேட்கும். துணி நனைந்துவிட்டால் திரும்ப வைத்து நிறுத்துக்கொள்ளலாம். ஷிதாண்டா சோதனைகளை எழுதினான், இந்தத் தடவை பகடி எதுவும் இல்லாமல். ஒரு மத்தியானம் மட்டும், பிள்ளை துணியில் ஒன்றுக்குப் போய்விட்டால் என்ன என்று கேட்டான். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அதற்கும் ஒரு சோதனை எழுதியிருந்தான்.

இதே நாட்களில் பதினான்கு மருத்துவமனைப் பதிவுகளையும் எடுத்து, மழை மாதங்களில் கோட்டுக்குச் சற்று மேலே நின்ற குழந்தைகளைப் பிரித்தோம். அறுபத்து மூன்று பேர். ஊர்ச் சுகாதாரப் பெண்கள் வீடு வீடாகப் போய் அழைத்து வந்து நிறுத்தார்கள். பதினேழு சிவப்பு. பதினேழு பேருக்கும் சீட்டுப் போட்டாயிற்று. இரண்டு குடும்பங்கள் வேலை தேடி எங்கோ போய்விட்டன, கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் நான் சேர்த்தேதான் சொல்வேன்.

கவுண்டி அதிகாரி லிஹாண்டாவை முக்கால் மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டார். வேலையை எடுத்துவிடவில்லை. எங்கள் நேர்மையைப் பார்த்து விட்டுவைத்தார் என்று சொல்லமாட்டேன். பதினான்கு இடத்தையும் உடனே எடுத்து நடத்த வேறு ஆள் இல்லை.

லிம்பிகானி எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்த்தார். இந்தத் தடவை கேள்வி மூன்றுதான். கடைசியில், உள்ளே சேர்க்கிறேன் என்று எழுதி, அதன் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். என் தங்கை நர்சு, அவளுக்கும் காட்டினேன், ஆணியில் தொங்கும் துணியைப் பற்றிப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டாள் என்று.

அடுத்த பதிப்பில் எங்கள் நிரல் வந்தது. பதினொரு நாட்டுக்கும் போகிற பதிப்பு. எழுதியவர்கள் என்ற இடத்தில் நமால்வா, ஷிதாண்டா, கசாண்டி. சிஸ்டர் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று லிம்பிகானியின் கூட்டாளி ஒருவர் கேட்டார். உள்ளே ஓடுகிற வழி அவருடையது, நான் அதைப் பெயர்த்து எழுதியவள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். லிஹாண்டா அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். தன் பேர் இருக்கிற பக்கத்தையும், அதாவது தவறைச் சொன்ன பக்கத்தையும், அதற்குக் கீழே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் இரண்டையும் வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை.

என் அம்மாவுக்குப் போனில் காட்டினேன். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. என் பேரைத் தடவி, மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டாள். சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து வெட்டின தோட்டமா, சரி என்றாள்.

பதிப்பு வந்து மூன்றாவது வாரம் ஒரு கேள்வி வந்தது. எத்தியோப்பியாவில் ஏதோ மலை ஊர், ஒரு பெண் எழுதியிருந்தாள். எங்கள் பக்கம் கடும் குளிர். மெல்லிய துணிக்கு மாற்றினால் குழந்தை நடுங்குகிறது, எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் சிஸ்டர் கசாண்டி என்ன செய்வார்?

என்னைக் கேட்கவில்லை. என் நிரலைப் படித்துவிட்டு அவரைக் கேட்டிருந்தாள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனைப் பிடித்து நவகோலோ போனேன். வராந்தாவில் முப்பது பெண்கள். சிஸ்டர் தராசில் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். ஒரு தடவை படித்தார். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை படித்தார்.

"இவ யாரு?"

"உங்களை மாதிரி ஒரு நர்சு. எத்தியோப்பியா."

"என்னைத்தான் கேக்குறாளா?"

"உங்க பேரைப் போட்டுத்தான் கேக்குறா."

சிஸ்டர் முதுகை நிமிர்த்தினார். வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளையின் காலை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"பதில் இருக்கு. வரிசை முடியட்டும். காத்திருக்கச் சொல்லு."

சுவரோரம் உட்கார்ந்து, போனில் தட்டினேன். சிஸ்டர் கசாண்டி இப்போது எடை போட்டுக்கொண்டிருக்கிறார், முப்பது பேர் இருக்கிறார்கள், முடித்ததும் பதில் சொல்வார்.